ஐந்தில் ஒன்று

பெள்ளி சார் வாங்கிப் போட்ட செட்டில் ஐந்து குஷன்.
ஐந்திலும் கல்லில் செதுக்கிய ஆட்கள்.
கிரேக்க தேசத்துச் சாமிகள், நவமணி, பார்த்துத் தட்டு என்றார்.
பார்த்துத்தான் தட்டுகிறேன்,
காலை பதினொன்றுக்கு, ரூம் காலியானதும்,
உள்ளங்கையால், முதுகில்.

தூரத்திலிருந்து பார்த்தால் புடைத்துக்கொண்டு நிற்பார்கள்.
தொட்டால் வெறும் வழவழத் துணி.
தொடைச் சதை, பிடரி மயிர், உடுப்பின் மடிப்பு
எல்லாம் நிழல் செய்த ஏமாற்று.
நிஜமாகப் புடைப்பது பஞ்சு மட்டும், அதுவும் நடுவில்.
அதனால் ஈட்டி ஓங்கிய வீரனுக்குத் தொப்பை.
மூக்கு ஒருவனுக்கும் முழுசாக இல்லை.
விலையைக் குறைத்துக் கேட்டிருக்கலாமே சார் என்றேன்.
சிரிக்கவில்லை.

இடுப்புவரை ஆள், அதற்குக் கீழே குதிரை:
இவனை எனக்குத் தெரியும்.
ஏரிக்கரையில் சவாரி முடிந்து அவிழ்த்துவிட்டதுகள்
சேரிங்கிராஸ் தொட்டியில் சோள மட்டை தேடும் இரவில்
ஒரு குதிரை தலை தூக்கிப் பார்த்தது.
ஏதோ சொல்ல வந்து
பாதியில் நிறுத்திக்கொண்டவன் முகம்.

இன்னும் இரண்டில் சண்டை.
எந்தக் கால் யாருடையது என்று பிரிக்க முடியாது.
ஆடி மழையில் அதன்மேல் பூஞ்சை பூத்தது.
வினிகர் தொட்டுத் துடைத்தேன்,
பாதிச் சண்டை ஓய்ந்தது.

ஐந்தாவதில் தேர்.
தாடிக்காரன் ஒரு கையில் கடிவாளம், மறு கையில் ஒரு பெண்.
அவள் உடம்பு முன்னால் போகிறது,
கை பின்னால்.
விரல்கள் ஓரத் தையலுக்குள் போய்விட்டன.
யாரைக் கூப்பிடுகிறாள் என்பது
குஷனுக்கு வெளியே இருக்கிறது.

அதை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பேன்.
சார் வந்தால் நேராக்குவார்.
மறுநாள் திருப்புவேன்.
ஒரு வருஷம் எங்களுக்குள் இதுதான் பேச்சு.

ஐப்பசியில் ஒரு ஜோடி வந்தது, திருச்செங்கோட்டுப் பக்கம்.
ரிஜிஸ்டரில் அவன் பெயர்,
பக்கத்தில் ‘ப்ளஸ் ஒன்று’.
ராத்திரி வெந்நீர் கொண்டுபோனபோது
ப்ளஸ் ஒன்று ஹீட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்,
மடியில் ஐந்தாவது.
அவன் குறட்டை மழையைவிடச் சத்தம்.

இது யாருன்னு தெரியுமாக்கா?
யாரோ கல்யாணம் பண்ணிப் போறாங்க, மேடம்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பூப் பறிச்சிட்டிருந்தாளாம். தரை பிளந்துச்சாம்.
கீழே ஒரு ராஜா.
அவன் குடுத்த மாதுளையில ஆறு முத்து தின்னுட்டா.
அதுக்கு வருஷத்துல ஆறு மாசம் அங்கதான்.
மேலே அவங்கம்மா ஒரு புல்லையும் முளைக்க விடாம உக்காந்திருப்பாங்களாம்.

பெயரும் சொன்னாள், என் வாயில் நிற்கவில்லை.

தின்னாம இருந்திருக்கலாமே என்றேன்.
பசிச்சிருக்கும்ல என்றாள்.

மேசையில் நான் வைத்த பழத்தட்டு
வைத்தபடி இருந்தது.

காலையில் கார் போனபிறகு சோபாவில் நாலு.
கட்டிலடி, அலமாரி, பாத்ரூம் கதவுக்குப் பின்னால்
தேடுவதுபோலத் தேடினேன்.
போன் போட்டுக் கேட்கட்டுமா என்றார் பெள்ளி சார்.
பூஞ்சை தின்றுவிட்டது சார்,
நான்தான் தூக்கிப் போட்டேன் என்றேன்.
சம்பளத்தில் அறுநூற்றைம்பது போனது.

இப்போது எந்த வளைவில் இருப்பாள் அந்தத் தேர்க்காரி?
பர்லியார் தாண்டியிருப்பாள்.
பின் சீட்டில், கை நீட்டியபடி,
இறங்க இறங்கக் காதடைத்து,
வெக்கை வந்து கண்ணாடியைத் தட்டும்வரை.
ஒருத்தியை ஒருத்தி பிடித்திருப்பார்கள்,
யார் யாரைக் கொண்டுபோகிறாள் என்று
ஓட்டுகிறவனுக்குத் தெரியாது.

நாலு குஷனுக்கு இடம் அதிகமாகத்தான் இருக்கிறது.
குதிரைக்காரனை நடுவில் வைத்தேன்.
நேற்று சோபா இடுக்கில் கைவிட்டபோது
விரலில் குத்தியது ஒரு கம்மல் திருகு,
தங்கம்தான்.
மஞ்சள்தூள் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.
சித்திரையில் சீசன்.
கேட்டு வந்தாலும் வருவாள்.